மூக்கு லாரிக்கு வேறு கியர் பெட்டி

பழைய கியர் ஆயில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெயில் கழுவினாலும் நகக்கண்ணில் தங்கி, சோறு பிசையும்போது மேலே வரும். பம்பாய் ஆண்டாப் ஹில்லில் ஒரு லாரி மிஸ்திரியிடம் நான் வேலை பார்த்த காலத்தில் அந்த நாற்றத்தோடுதான் தின்றேன், அதோடுதான் தூங்கினேன். அந்த மூக்கு லாரி வேலையை நினைத்தால் இப்போதும் முதலில் நாற்றம்தான் வருகிறது. அதன் பின்னாலேயே ஆட்கள் வருகிறார்கள். நாற்றமே தேவலை.

எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஊரிலிருந்து கிளம்பியவன் நான். தூத்துக்குடி உப்பளம், சூரத்தில் சாயப்பட்டறை, பூனாவில் சென்ட்ரிங் வேலை என்று எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. பம்பாய்க்கு வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தேன். தாராவியில் ஒரு மாடி அறையில், பகல் வேலைக்காரன் எழுந்தால் இரவு வேலைக்காரன் படுப்பது என்ற கணக்கில் ஒரு பாய் கிடைத்தது. எப்போது படுத்தாலும் பாய் சூடாகவே இருக்கும். அது பழகிவிட்டது. காலையில் கக்கூசு வரிசையில் நிற்பதும் பழகிவிட்டது. சில விஷயங்கள்தான் பழகவில்லை.

மிஸ்திரி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவர். பேச்சு தமிழில், வசவு இந்தியில். அவருடைய கேரேஜ் என்பது ஒரு தகரக் கூரையும், அதற்கு வெளியே பாதி ரோடும்தான். ஓரத்தில் சாக்கடை. வண்டிக்குக் கீழே படுத்தால் தலைமாட்டில் அது ஓடுகிற சத்தம் கேட்கும். மேலே சிமெண்ட் பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். பாதிப் பலகைகள் விரிசல்.

அந்த லாரி மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காய் மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். லாரி அவருடைய அப்பா வாங்கியது. இஞ்சின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல். சரக்கு ஏற்றி ஓடுகிற வயதைச் சட்டப்படி எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் விற்க மனமில்லாமல் மண்டிக்குப் பின்னால் சந்தில் நிறுத்தி வைத்திருந்தார். அந்த வண்டி வந்த பிறகுதான் குடும்பம் தலையெடுத்தது என்பது அவர் நம்பிக்கை. வருஷத்துக்கு ஒரு முறை ஆயுதபூஜைக்கு மாலை போட்டு மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். அந்த ஒரு சுற்றுக்கென்றே ஒரு டிரைவர் இருந்தார்.

டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். வாலிபத்தில் அந்த வண்டியில் ஏறியவர், இறங்கவே இல்லை. ஊரில் மனைவி செத்துவிட்டாள், மகன் பேசுவதில்லை. லாரியின் கேபின்தான் அவருக்கு வீடு. சீட்டுப் பலகையில் படுக்கை, கதவுக்குக் கதவு கட்டிய கொடியில் ஈரத்துணி, கண்ணாடி ஓரத்தில் முருகன் படம். பகலில் மண்டிக்குக் காவல் இருப்பார், அதற்கு மண்டியில் சோறு. வாயைத் திறந்தால் பெருமை, மூடினால் புகையிலை. பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துப்புவார். கீழே எவன் தலை இருக்கிறது என்று பார்க்க மாட்டார். என் தலை பல தடவை இருந்திருக்கிறது.

அவர் பெருமைக்குக் காரணம் அந்த வண்டியின் கியர். இப்போதைய வண்டிகளில் கிளட்சை மிதித்துத் தள்ளினால் கியர் விழும். அந்தப் பழைய பெட்டியில் விழாது. மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, இஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு வருகிறதா என்று காதால் பிடித்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் பல்லோடு பல் உரசி அலறும். மார்க்கெட்டில் அந்த வித்தை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெரியாதவர்களையெல்லாம் அவர் மனுஷனாகவே மதித்ததில்லை.

அண்ணாச்சியின் மகன் செம்பூரில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். பழைய லாரியை விளம்பரப் படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று எங்கேயோ தெரிந்துகொண்டான். பின்னால் பூ ஜோடித்து மாப்பிள்ளையை ஏற்றி ஆட விடுவார்களாம். காகிதமெல்லாம் அவனே ஏற்பாடு செய்தான். வண்டியையும் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் மார்க்கெட்டில் ஓட்டிப் பார்த்தான். கியர் அலறிய அலறலில் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்களாம். முன்னால் நின்று சிரித்தவர் டிரைவர். அதற்குப் பிறகுதான் வண்டி, கேபினில் குடியிருந்த டிரைவரோடு, எங்கள் கேரேஜுக்கு வந்தது, கியர் பெட்டியையே மாற்ற.

வந்த அன்றே எங்கள் முன்னால் பேச்சு நடந்தது.

"அப்பா, புது கியர் போட்டாச்சுன்னா நானே ஓட்டிடுவேன். தேவ்நார்ல ஷெட் பாத்திருக்கேன், வண்டி அங்கேயே நிக்கும். அங்கிளுக்கு இனிமே ஆராம், ரெஸ்ட்" என்றான் மகன்.

"ஆராம்னா எங்கன?" என்றார் டிரைவர்.

"ஊர்ல."

"ஊர்ல எனக்கு எவன் இருக்கான்?"

மகன் போனைப் பார்க்க ஆரம்பித்தான். அண்ணாச்சிதான் கையமர்த்தினார். "சும்மா கெடலே. இது அவரு கைக்கு ஓடுத வண்டி. ராசியான கை. வேல முடிஞ்சதும் பூசை போடுவோம், அன்னைக்கு அவரே எடுக்கட்டும். நல்லபடியா எடுத்தாருன்னா அவருதான் டிரைவரு, ஷெட்டுலயும் வண்டிக்குள்ளயே கெடந்துக்கிடட்டும். என்ன வே, புதுப் பெட்டிய ஓட்டிருவீரா?"

"பெட்டி எதுவா இருந்தா என்ன அண்ணாச்சி? கை நம்ம கைதான?"

"எடுக்கலைன்னா?" என்றான் மகன்.

"எடுக்கலைன்னா நீ சொன்ன மாதிரிதான்" என்றார் அண்ணாச்சி. தேங்காய்க்கு விலை சொல்கிற குரல்.

ஆக, பூஜை அன்று வண்டி நல்லபடியாகக் கிளம்பினால் அந்த மனிதருக்குப் படுக்க இடம் உண்டு, கிளம்பாவிட்டால் இல்லை. அங்கே நின்ற எல்லோரும் அதைக் கேட்டோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மிஸ்திரி வடாபாவ் வாங்கி வரச் சொன்னார்.

குர்லா பழைய இரும்புக் கடைகளிலிருந்து ஐந்து கியர் உள்ள பெட்டி ஒன்று வந்தது. ஏதோ விபத்தில் நொறுங்கிய லாரியில் கழற்றியது. மேல்பக்கம் ஒரு பழுப்புக் கறை இருந்தது. துருவா வேறு எதுவுமா என்று சொல்ல முடியவில்லை. நான்தான் சுரண்டினேன். பழைய பெட்டியை இறக்கும்போது சங்கிலி பாதியில் சறுக்கி, மிச்சமிருந்த எண்ணெய் மொத்தமும் என் முகத்தில் கொட்டியது. கண், காது, வாய் எல்லாம் அழுகிய முட்டை. அண்ணாச்சி மகன் போனை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தான்.

"பாய், இன்னொரு வாட்டி அப்படியே படு. மூஞ்சியில எண்ணெய் சரியா தெரியல, லைட் பத்தல."

நான் படுத்தேன். அதுதான் எனக்கு இப்போதும் குமட்டுகிறது. அவன் கேட்டதுகூட இல்லை, நான் படுத்தது.

இரண்டு பெட்டிகளும் ஒரே இஞ்சினுக்காகச் செய்தவை அல்ல. போல்ட் ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவில் கனத்த இரும்புத் தட்டு ஒன்றை வைத்து, ஒரு வளையத்தில் இஞ்சினுக்கும் இன்னொரு வளையத்தில் பெட்டிக்கும் துளை போட வேண்டும். லேத்துக்காரன் முதலில் கடைந்து கொடுத்த தட்டு மையம் விலகியிருந்தது. மிஸ்திரி அதை ரோட்டில் வீசி அடித்துவிட்டு வேறு கடையச் சொன்னார். கிளட்ச் தட்டின் நடுப்பல் புதுப் பெட்டியின் தண்டில் ஏறவில்லை. வேறு தட்டின் நடுவை வெட்டி எடுத்து இதில் வைத்து ரிவிட் அடித்தோம். புதுப் பெட்டி பழையதைவிட நீளம் என்பதால் பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டை வெட்டிக் குறுக்கி வெல்டு வைத்தோம். மிஸ்திரி வேலை தெரிந்தவர்தான். தெரிந்த அளவுக்கு யோக்கியர் இல்லை. ஒரு கையில் கிரீஸ், மறு கையில் வடாபாவ். எந்தக் கையால் கடிக்கிறார் என்று பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பெட்டியில் ஒரு கோளாறு இருந்தது. பழைய பெட்டியில் கியர் கம்பியை இடது பக்கம் தள்ளி முன்னால் போட்டால் முதல் கியர். புதுப் பெட்டியில் அதே இடத்தில் ரிவர்ஸ். முதல் கியர் வேண்டுமானால் இடது பக்கம் தள்ளிப் பின்னால் இழுக்க வேண்டும். தவறி யாரும் ரிவர்ஸில் போட்டுவிடாமல் இருக்க அங்கே ஒரு ஸ்பிரிங் தடுக்கும். அழுத்தித் தள்ளினால்தான் வழி விடும். எங்களுக்கு வந்த பெட்டியில் அந்த ஸ்பிரிங் செத்திருந்தது. கம்பி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ரிவர்ஸில் விழுந்தது.

"மிஸ்திரி, ஸ்பிரிங் மாத்தணும்."

"சல்தா ஹை, இதுவே ஓடும். கல்யாணத்துக்கு நிக்கப் போற வண்டிக்கு ஸ்பிரிங் எதுக்குடா? இவங்க என்ன காட் ரோட்டுல மலை ஏறப் போறாங்களா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசினால் அதைத் தேடி வெயிலில் குர்லாவுக்கு நடக்கப் போவது நான்தான்.

புதுப் பெட்டியின் கம்பி பழைய துளைக்கு நேராக வரவில்லை. ஒரு முழம் பின்னால் வந்தது. கேபின் தரையை வெட்ட வேண்டியதாயிற்று. டிரைவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய படுக்கை, துணி, டப்பாக்களை இறக்கினேன். ரப்பர் விரிப்பு தரையோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது தோல் உரிகிற மாதிரி வந்தது. அடியில் எத்தனையோ வருஷத்து எச்சில் ஏடு ஏடாகக் காய்ந்திருந்தது. பீடித்துண்டு, மீன்முள், முடி, பூஞ்சை பிடித்த சோறு. ஒரு மூலையில் எலி கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத சிவப்புக் குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று நெளிந்தன. நான் இறங்கிப் போய்ச் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

"என்னலே, பொம்பளப் பிள்ள மாதிரி" என்றார் டிரைவர். "அதுக நம்மள ஒண்ணும் செய்யாது. ராத்திரி மேல ஓடும், அவ்வளவுதான்."

வெட்டி முடித்துக் கம்பியை நிறுத்தினோம். அது சரியாகப் படுக்கைப் பலகையின் நடுவில் முளைத்து நின்றது. டிரைவர் ஏறிப் படுத்துப் பார்த்தார். காலை நீட்டினால் கம்பி இடித்தது. புரண்டு பார்த்தார். கடைசியில் கம்பியைச் சுற்றி வளைந்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தார்.

"போதும். நான் என்ன ஆறடி ஆளா?" என்றார்.

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து மிஸ்திரி எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். சக்கரம் அந்தரத்தில் நன்றாகச் சுற்றியது. நான் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு தடவ ஏறி உக்காந்து போட்டுப் பாருங்க. ரிவர்ஸ் எடம் மாறியிருக்கு."

"எது?"

"உங்க பழைய ஃபர்ஸ்ட் இருந்த எடத்துல இப்ப ரிவர்ஸ். ஃபர்ஸ்டுக்குக் கம்பியப் பின்னால இழுக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, நீ பால் குடிக்கும்போது நான் கசாரா மலை ரோட்டுல சரக்கோட ஏறி எறங்குனவன். ஒரு கையில பீடி, ஒரு கையில ஸ்டேரிங்கு. நீ எனக்குக் கியரு சொல்லிக் குடுக்கியோ? நாளைக்கு எப்படி மூத்திரம் போவணும்னு சொல்லிக் குடுப்ப."

மிஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணாச்சி மகனும் சிரித்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது. டிரைவர் பழகாமல் இருப்பது அவனுக்கு வசதி என்பது எனக்குப் புரிந்தது. நான் சாக்பீஸ் எடுத்து டேஷ்போர்டில் கியர் இருக்கும் இடங்களைக் கோடு போட்டு எழுதி வைத்தேன். மறுநாள் பூஜைக்காக டிரைவர் கேபினைக் கழுவித் துடைத்தபோது அதையும் துடைத்துவிட்டார். அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

பூஜைக்கு முன் ஒரு தடவை ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது.

"பெட்டி மாத்துன வண்டி புது வண்டி மாதிரிதான். மொத உருளல் எலுமிச்சம்பழத்து மேலதான் உருளணும். அதுக்கு முன்னால ஒரு அங்குலம் நவுரக் கூடாது. நாள் பாத்து நேரம் குறிச்சிருக்கேன்."

மிஸ்திரிக்கு அது நிம்மதி. ரோட்டில் போனால் நடுவில் வைத்த இரும்புத் தட்டு அதிருமோ என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. அதிர்ந்தால் பூஜைக்குப் பிறகு அதிரட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குடும்பம் காரில் வந்து இறங்கியது. பட்டுப்புடவைகள் சாக்கடை ஓரத்தில் முந்தானையைத் தூக்கிப் பிடித்து நடந்தன. அண்ணாச்சியின் மனைவி மூக்கில் கைக்குட்டையை வைத்தவர் எடுக்கவே இல்லை. லாரிக்கு மாலை, பட்டை பட்டையாக விபூதி, மூக்கின் மேல் பெரிய குங்குமப் பொட்டு. அண்ணாச்சியே சூடம் காட்டினார், பூசணிக்காய் உடைத்தார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தார். கிளம்புகிற வண்டிக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது, குறுக்கே வரக் கூடாது என்று எல்லோரையும் லாரிக்குப் பின்னால் அனுப்பினார். தாம்பாளம், லட்டுப் பெட்டி, பிள்ளைகள், மனிதர்கள் எல்லாம் பின்னால் கூட்டமாக நின்றன. மகன் பின்னால் நின்றே படம் எடுத்தான்.

டிரைவர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்று வாயில் புகையிலை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஸ்டேரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இஞ்சின் பிடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமே இல்லை. எனக்கு இருந்தது.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். திறந்திருந்த இடது கதவு வழியாக அவர் கை தெரிந்தது. சோறு எடுத்த கை வாய்க்குப் போகிற மாதிரி, பார்க்காமலே கம்பியைப் பிடித்தது. இடது பக்கம் தள்ளி, முன்னால்.

"அண்ணே!" என்று கத்தினேன். நல்ல காரியம் என்று மிஸ்திரி கேரேஜில் நின்ற இன்னொரு வண்டியின் ஹாரனை அமுக்கியபடி இருந்தார். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

லாரி பின்னால் பாய்ந்தது. வேகம் அதிகமில்லை, ஆனால் லாரி. தாம்பாளம் பறந்தது. பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் சிதறினார்கள். அண்ணாச்சி முழங்காலில் விழுந்து தவழ்ந்து விலகினார். டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குள் பின் சக்கரம் சாக்கடைப் பலகை மேல் ஏறி, பலகை உடைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாக்கடைக்குள் உட்கார்ந்தது. உள்ளே இருந்த கறுப்புத் தண்ணீர் எழும்பி வந்து எல்லோர் மேலும் விழுந்தது. பட்டு, நகை, லட்டு, மூக்கில் இருந்த கைக்குட்டை. மகனின் போன் எங்கேயோ உள்ளே போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. அண்ணாச்சிக்கு முழங்காலில் தோல் மட்டும் போயிருந்தது.

எலுமிச்சம்பழங்கள் முன்னால் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அண்ணாச்சி நொண்டிக்கொண்டு முன்னால் போய், ஒன்றைக் குனிந்து எடுத்தார். நசுங்காத பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது.

"பாத்தீங்களா அப்பா?" என்றான் மகன், முகத்திலிருந்து கறுப்பை வழித்துக்கொண்டே. "நான் சொன்னேன்ல?"

"ராசி போச்சு" என்றார் அண்ணாச்சி. மகனிடம் அல்ல, பழத்திடம் சொன்னார். "பூசை போட்ட வண்டி பின்னால போயிட்டே. இவரு கை ராசி போச்சு."

நான் குறுக்கே போனேன். "ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பழைய பெட்டியில ஃபர்ஸ்ட் இருந்த எடத்துல இதுல ரிவர்ஸ் இருக்கு. கை பழக்கத்துல அங்க போயிட்டு. தடுக்க வேண்டிய ஸ்பிரிங்கும் செத்துக் கெடக்கு."

"அபே, சும்மா இரு!" என்று மிஸ்திரி என் தோளைப் பிடித்து இழுத்தார். "எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சு அண்ணாச்சி. இவனே சொல்லிக் குடுத்தான், நானும் பாத்தேன். பெட்டியில ஒரு குறையும் கிடையாது."

மகனுக்கும் கியர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவன் சட்டையை உதறிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி டிரைவர் பக்கம் திரும்பினார். டிரைவர் இறங்கி, சாய்ந்த வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை மட்டும் அப்படியே வெள்ளையாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் நனையாதவர் அவர் ஒருவர்தான்.

"இந்தப் பய சொல்லுதது நெசமா வே? கியரு மாறி விழுந்துட்டா? அப்படின்னா சொல்லும். மனுசனுக்குத் தப்பும், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நாளைக்கு இன்னொரு பூசை போட்டுக்கிடலாம்."

அண்ணாச்சி அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். தலையை ஆட்டினால்கூடப் போதும். டிரைவர் என்னைப் பார்த்தார். பூஜைக்காக மார்க்கெட்டிலிருந்து வந்திருந்த மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வண்டி தள்ள நின்றிருந்தார்கள், அவர்களைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் உதட்டைச் சுழித்துச் சிரிக்கத் தயாராக இருந்தான்.

"நான் கியர மாத்திப் போடுவனா அண்ணாச்சி?" என்றார். "சரியாத்தான் போட்டேன். வண்டி பின்னால போயிட்டு. நேரம் சரியில்ல, கையும் சரியில்ல போல."

அண்ணாச்சி பழத்தைச் சாக்கடைக்குள் எறிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவரே கேபினில் ஏறி, சாய்ந்த தரையில் கால் வழுக்க வழுக்கச் சாமான்களை ஒரு அரிசிச் சாக்கில் திணித்தார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அண்ணாச்சியின் மனைவி பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். படுக்கைச் சுருட்டை நான் எடுத்துக்கொண்டேன். கனமாகவும் ஈரமாகவும் இருந்தது. பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். செம்பூரில் ஊர்க்காரன் ஒருவன் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறான், கடைக்கு வெளியே படுக்க விடுவான் என்றார்.

எனக்கு வந்தது கோபமா அருவருப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "ஒரு வார்த்தைதான அண்ணே? மாறி விழுந்துட்டுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் உள்ள கெடந்திருப்பீங்க."

"கியரு போடத் தெரியாதவன்னு பேரு வாங்கிக்கிட்டு உள்ள கெடக்கச் சொல்லுதியா? அந்தச் சின்னப்பய ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து வேடிக்க பாக்கச் சொல்லுதியா?"

"இப்ப ராசி கெட்டவன்னு பேரு வந்திருக்கே?"

"ராசி எவனுக்கும் கெடும்லே" என்றார். "அண்ணாச்சிக்கே கெடும்."

சொல்லிவிட்டு, பெரிய நியாயம் ஒன்றை முடித்துவிட்ட மாதிரி ரோட்டைப் பார்த்து நின்றார். அந்தச் சுருட்டை அவர் தலையில் போட்டுவிட்டு வந்துவிடலாமா என்றிருந்தது. மிஸ்திரியிடமும் மகனிடமும் வராத வெறுப்பு அவர் மேல் வந்தது. அவர்கள் பொய் சொன்னதில் அவர்களுக்கு ஒரு லாபமாவது இருந்தது.

பஸ் வந்தது. புது ஏசி பஸ். சாக்கை முதலில் ஏற்றினார், பிறகு அவர் ஏறினார், சுருட்டை நான் உள்ளே தள்ளினேன். கண்டக்டர் அது என்ன மூட்டை என்று மராத்தியில் கத்த, இவர் தமிழிலேயே பதில் கத்தினார். முதல் சீட்டில் இருந்த கல்லூரிப் பையனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. பஸ் டிரைவர் வண்டி எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், குறை கண்டுபிடிக்கிற முகத்தோடு.

நான் கேரேஜுக்குத் திரும்பி நடந்தேன். குடும்பம் காரில் போய்விட்டிருந்தது. மகன் மட்டும் சாக்கடை ஓரத்தில் குந்தி, டார்ச் அடித்துப் போனைத் தேடிக்கொண்டிருந்தான். மிஸ்திரி சங்கிலியும் ஜாக்கியும் எடுத்து வைத்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். சக்கரத்துக்கு அடியில் சங்கிலி மாட்ட ஒருவன் இடுப்பளவு உள்ளே இறங்க வேண்டும். யார் இறங்குவது என்று அங்கே ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.